படுத்துக்கொண்டே பறந்தவள்

தெரணியகலைக்கு மேலே, த்ரீவீலர்கூட மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல்கணக்குப் பிரிவில் எந்த லயத்து வரிசை வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள் சூசையம்மா. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்று பெயர்தான். மாரியம்மன் கும்பிடுகிற வீட்டுச் சாவுக்கும் அவள்தான் முன்னால் நிற்பாள். செத்தவரின் மகளோ தங்கையோ கொழும்பிலிருந்து அடித்துப்பிடித்து வந்து இறங்கினால், வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து முதல் குரலை எடுப்பவள் சூசையம்மா. தூரத்திலிருந்து வந்தவளை அப்படிக் கட்டிப்பிடித்து அழாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்த அழுகை முடிந்தால்தான் துக்கம் இறங்கும். அந்த மலையில் அது சட்டம் மாதிரி.

ஊரார் துக்கத்தையெல்லாம் இறக்கி வைத்த அந்தப் புண்ணியவதியின் சொந்தத் துக்கம் மட்டும் நெஞ்சுக்குழியில் கல்லாக நின்றது.

அவளுடைய புருஷன் அந்தனி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் குளவி கொட்டிச் செத்தான். மகள் மேர்சி அப்போது வளைகுடாவில், ஒரு பெரிய விமான நிலையத்தில் துப்புரவு வேலையில் இருந்தாள். லீவு கிடைக்கவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் கோகிலா போனைத் தூக்கிப் பிடிக்க, தகப்பனைக் குழிக்குள் இறக்குவதை மேர்சி அதில்தான் பார்த்தாள். மண் அள்ளிப் போடுகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

பிறகு எத்தனையோ முறை தாயும் மகளும் பேசினார்கள். சூசையம்மா குரலை எடுத்தால் போதும், அந்தப் பக்கமிருந்து மேர்சி தடுப்பாள்.

"அம்மா, அழுவாதீங்க. பக்கத்துல ஆளுக இருக்காங்க. எனக்கும் வந்துரும்."

"ஒரு வாட்டி ஒன்னக் கட்டிப்புடிச்சி அழுதுட்டேன்னா போதும் புள்ள. அதுக்கப்பறம் நா செத்தாலும் சரி."

இரண்டு வருடம் இப்படியே போனது.

அந்தத் தோட்டம் ஒரு தனியாருடையது. முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போன பிறகு சூசையம்மா, தோட்ட முதலாளியின் தாயாரான சிங்களச் சீமாட்டி பெரிய நோனாவுக்குப் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். ஒருநாள் நோனா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. லண்டனில் டாக்டராக இருக்கும் இளைய மகன் தாயைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார். பன்னிரண்டு, பதினான்கு மணி நேரப் பயணம். கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்று விமானக் கம்பனி சொல்லிவிட்டது. நோனாவுக்கு பிஸ்னஸ் கிளாஸ் என்றால் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் பிஸ்னஸ் கிளாஸ்தான்.

"அந்தக் கொழுந்து பறிக்கிறவளுக்கா?" என்று நோனா போனில் மகனிடம் கேட்டது சமையலறை வரை கேட்டது. "மாட்டை மெத்தையில் படுக்கவைப்பதுபோல் இருக்கிறதே!"

அதைக் கேட்டுச் சூசையம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் காதில் வேறொரு விஷயம் மணியடித்துக்கொண்டிருந்தது. போகிற வழியில் விமானம் மாற வேண்டும். மாறுகிற இடம் மேர்சி வேலை செய்கிற இடம்.

அன்று இரவு மகளிடம் சொன்னாள். மேர்சி சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டாள்.

"பிஸ்னஸ் கிளாஸா? அப்ப நீங்க லவுஞ்சுக்குத்தாம்மா வருவீங்க! பணக்காரங்க அடுத்த ப்ளேன் வர்ற வரைக்கும் சாப்புட்டு, குடிச்சி, சாஞ்சி கெடக்குற எடம். அங்கதான் எனக்கு வேல. நீங்க சாப்புட்டு வைக்கிற தட்ட நாந்தான் எடுக்கணும்!"

"ஆத்தாடி! மாதாவே!"

"கத்தாதீங்க. சொல்றதக் கேளுங்க. போன மாசம் ஒரு பய அவன் அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்து உள்ள வச்சி சோறு போட்டுட்டான். மறுநாளே ஊருக்கு ஏத்திட்டாங்க. அதுலருந்து தெரிஞ்ச ஆளுகளோட உள்ள பேசவே கூடாது. நீங்க என்னப் பாத்தாலும் பேசாதீங்க. என் பக்கத்து மேசையெல்லாம் காலியாகி சுத்தமா இருந்தா எனக்குக் கால் மணி நேரம் பிரேக் தருவாங்க. கைகழுவுற எடத்துக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. அங்க வந்துர்றேன். அங்க வச்சி..."

மிச்சத்தைச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

நோனாவிடம் சூசையம்மா இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால் பங்களாவில் இருக்கும் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம். அந்தப் பயம் எவ்வளவு பெரிய வினையாகப் போகிறது என்பது அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

கட்டுநாயக்காவில் விமானத்துக்குள் ஏறியதும், உதட்டில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பெண் குனிந்து, "வெல்கம், மேடம்" என்று சூசையம்மாவின் கையில் சூடான சிறு துவாலையை வைத்தாள். சூசையம்மா அதை விரித்து நோனாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பிஸ்ஸுத? பைத்தியமா? அது உனக்கு. எனக்கு வேறு தருவாள்," என்று நோனா சிங்களத்தில் சீறினாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "மேடமாம்! மேடம் சூசை! மலையில் உன்னை வேலை வாங்கிய கங்காணி பார்க்க வேண்டும்."

ஒரு அறையளவு இடம், ஒரு ஆளுக்கு. பொத்தானை அழுத்தினால் நாற்காலி மெதுவாகக் கால் நீட்டிக் கட்டிலாகிறது. சூசையம்மா வாழ்நாளில் மெத்தையில் படுத்ததில்லை. முதுகு அதில் புதைந்தபோது பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக் கட்டில்கூட இப்படி இருந்ததில்லை என்று நினைத்தாள்.

"கண்ணை மூடாதே," என்றாள் நோனா. "உன்னைத் தூங்க வைக்கவா என் மகன் இவ்வளவு செலவு செய்தான்?"

ஆகவே சூசையம்மா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். அவளுக்குக் கொடுத்த சிறு பையில் சீப்பும் காலுறையும் வாசனைக் களிம்பும் இருந்தன. "இதையெல்லாம் வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று நோனா அதை வாங்கிப் பேத்திக்கென்று தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேர்சிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தவள் வாயைத் திறக்கவில்லை. போனால் போகட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மகளையே தொட்டுவிடப் போகிறாளே!

லவுஞ்ச் என்பது ஒரு சின்ன ஊர் போல இருந்தது. நடுவில் தண்ணீர் வழிகிற கறுப்புக் கல். சுற்றிலும் நாற்காலிகள், விளக்குகள், நீளமான மேசைகளில் எத்தனையோ தேசத்துச் சாப்பாடு. உள்ளே எல்லோரும் மாதா கோயிலில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த நோனாவை ஜன்னலோரம் சாய்த்து, ஒரு கிண்ணம் சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சூசையம்மா அவளைப் பார்த்தாள்.

சாம்பல் நிற உடுப்பு. கொண்டையை வலைக்குள் அடக்கியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தகப்பனைப் போலவே இடது தோளைச் சற்று இறக்கிக்கொண்டு தள்ளுவண்டியை உருட்டி வந்தாள் அந்தனியின் மகள்.

மேர்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. நோனாவின் மேசைக்கு வந்து, காலிக் கிண்ணத்தை எடுத்தாள். குனிந்த தலை குனிந்தபடி, உதடு அசையாமல் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"சாப்புட்டீங்களா?"

கடவுளே! பெற்ற வயிறு அந்த ஒற்றைச் சொல்லுக்கு எப்படித் தாங்கும்? சூசையம்மாவின் தொண்டை வரை குரல் ஏறி வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து அதைத் தடுத்தாள். வண்டி நகர்ந்து போனது.

நோனா கண்ணயர்ந்தாள். சூசையம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேர்சி ஒரு மேசையைத் துடைத்து முடிப்பதற்குள் இரண்டு மேசைகளில் எச்சில் தட்டுகள் சேர்ந்தன. ஒருவன் ஒரு கேக்கைக் கடித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கப் போனான். ஒரு பிள்ளை ஜூஸைக் கவிழ்த்தது. மேர்சி மண்டியிட்டுத் துடைத்தாள். எழுந்தபோது மூலைமேசையில் மறுபடியும் தட்டுகள். தாயின் பக்கம் அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த திரையைப் பார்த்தாள். அதில் புறப்படும் விமானங்களின் பட்டியலில் லண்டன் விமானம் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

இப்படியே போனால் அந்தப் பக்கம் சுத்தமாகவும் போவதில்லை. பிரேக்கும் கிடைக்கப் போவதில்லை.

கொழுந்து மலையில் இதற்கு ஒரு வழி உண்டு. மகளுக்குக் காய்ச்சல் என்றால், கூடையில் கிலோ குறைந்தால், கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும். அதனால் தாய் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி மகளின் கூடையில் போடுவாள். 'கை குடுக்குறது' என்பார்கள். எல்லோருக்கும் தெரியும். கங்காணி பார்த்தாலும் மறுபக்கம் திரும்பிக்கொள்வான். மேர்சி முதன்முதலில் மலையேறிய வருடம் முழுக்கச் சூசையம்மா அப்படித்தான் கை கொடுத்தாள்.

மகளிடம் பேசக் கூடாதென்றுதானே சொன்னாள்? பேசவில்லை. சூசையம்மா எழுந்தாள். பக்கத்து மேசையிலிருந்த தட்டுகளை அடுக்கினாள். கரண்டிகளை மேலே வைத்தாள். தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்து, தட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த மேசை. அதற்கடுத்தது. பங்களாவில் விருந்து முடிந்த பிறகு செய்கிற வேலைதானே! எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் கோப்பையையும் நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

தூரத்திலிருந்து மேர்சி இதைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாமென்று. தாய்க்கு அது மகளின் கூச்சமாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகத் துடைத்தாள்.

கோட் போட்ட ஒரு ஆள் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் காதில் வயர் மாட்டிய வேற்று நாட்டு மேனேஜர். கோட்காரனுடைய பெயர் இக்ராம். இலங்கையில் மாவனல்லை ஆள். மேர்சி வேலை செய்கிற பகுதிக்கு சூப்பர்வைசர்.

"அம்மா, நீங்க தமிழ்தானே? சிலோனா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "நீங்க எங்கட கெஸ்ட். இதெல்லாம் ஏன் தூக்குறீங்க? கேமராவுல பாத்துட்டு மேனேஜர் கேக்குறாரு."

"பரவால்லங்க தம்பி. பாவம், புள்ள ஒத்தையில கெடந்து அல்லாடுது."

"அந்தப் புள்ளயத் தெரியுமா ஒங்களுக்கு?"

சூசையம்மா கேட்காததுபோல் இன்னொரு தட்டை எடுத்தாள். பேசக் கூடாதே! இக்ராம் மேர்சியைக் கைகாட்டி அழைத்தான். அவள் துடைக்கிற துணியோடு வந்து நின்றாள்.

"மேர்சி, இவங்க யாரு?"

"தெரியாது சார்."

"நல்லா யோசிச்சிச் சொல்லு."

"தெரியாது சார். கெஸ்ட்."

மேனேஜர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இக்ராம் தமிழில் சொன்னான், "அப்ப கெஸ்ட்ட வேல வாங்கி இருக்கிறாய்ன்னு எழுதச் சொல்றாரு. இந்த மாசச் சம்பளத்துல புடிப்பாங்க."

மகளின் சம்பளத்தில் கை வைக்கப் போகிறார்கள்! தன்னால்! கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடப் போகிறபோது ஒரு தாய் என்ன சொல்வாளோ, அதையே சூசையம்மா சொன்னாள். முப்பது வருடம் கூடை தூக்கியவளுக்கு அந்தச் சொல் யோசிக்காமலே வரும். கேட்டவர்கள் என்றுமே மனமிரங்கியிருக்கிறார்கள்.

"ஐயா, அவ மேல குத்தமில்லைங்க. அவ என் மகதான். நாந்தான் கை குடுத்தேன்."

இக்ராம் கண்ணை மூடிக்கொண்டான். "ஏன்ம்மா சொன்னீங்க?" என்று மிக மெதுவாகக் கேட்டான். "சம்பளம் புடிக்கிறதோட போயிருக்குமே!"

மேனேஜருக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போயிற்று. தாயும் மகளும் நின்ற நிலையே சொல்லிவிட்டது. ஆனாலும் அவர் நியாயமானவர். இந்த அம்மாள் உண்மையிலேயே டிக்கெட்டோடு வந்தவளா, மகள் திருட்டுத்தனமாக உள்ளே விட்டவளா என்று விசாரிக்க விரும்பினார். சூசையம்மா ஓடிப்போய் நோனாவின் காலைத் தொட்டு எழுப்பினாள்.

"நோனா, நீங்கதான் சொல்லணும். நா ஒங்க கூடத்தானே வந்தேன்? சொல்லுங்க தாயே. எம் புள்ள ஒண்ணும் செய்யல."

கலைந்த தூக்கத்தோடு நோனா எல்லோரையும் பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்திவிட்டு வேடிக்கை பார்ப்பதையும் பார்த்தாள். அவமானத்தில் அவள் கழுத்து சிவந்தது.

"இவள் என் ஆயா," என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். "டிக்கெட் எடுத்தது நாங்கள். ஆனால் இங்கே இவளுக்கு மகள் இருப்பதாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்ன ஏற்பாடு செய்திருந்தார்களோ, எனக்குத் தெரியாது. என் கைப்பை எங்கே?"

கைப்பை அவள் மடியில்தான் இருந்தது. அதைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. மூடிக்கொண்டாள். அதற்குள் அந்த ஒரு கேள்வி மேனேஜரின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மேர்சியின் சட்டையிலிருந்து பெயரட்டையைக் கழற்றி வாங்கினார்கள். அவள் எதிர்க்கவில்லை. துடைக்கிற துணியை நான்காக மடித்து வண்டியின் மேல் வைத்தாள்.

"புள்ள!" என்று சூசையம்மா இரு கையையும் விரித்தாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த குரல் அப்போது வெளியே வந்தது. தோட்டத்துச் சாவு வீட்டு வாசலில் எழும் அதே குரல். தண்ணீர் வழிகிற கறுப்புக் கல்லில் மோதி அந்த மாளிகை முழுக்க எதிரொலித்தது. "எம் மகளே! ஒங்கப்பன மண்ணுல வச்சிட்டு வந்துருக்கேன்டீ!"

மேர்சி ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"தொடாதீங்க," என்றாள். "எல்லாரும் பாக்குறாங்க. போதும்மா. நல்லா கை குடுத்தீங்க."

இக்ராம் அவளைப் பணியாளர் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனான். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. சூசையம்மா போய்த் தள்ளினாள். அட்டை காட்டினால்தான் திறக்கிற கதவு அது.

லண்டன் விமானத்தில் கட்டில் இன்னும் அகலமாக இருந்தது. பணிப்பெண் வந்து, சூசையம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"உங்கள் தோழிக்கு உடம்பு சரியில்லையா?"

"பயம்," என்றாள் நோனா. "இந்த மாதிரி ஆட்களுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. அவளுடைய சாப்பாட்டில் இருக்கிற மீனை எனக்குக் கொடுத்துவிடுங்கள்."

பிறகு காலை நீட்டினாள். சூசையம்மா தரையில் உட்கார்ந்து, லண்டன் வரும்வரை அந்தக் காலைப் பிடித்துவிட்டாள்.

லண்டனில் மூன்று மாதம். சூசையம்மா கூப்பிட்டால் மகளின் போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. பிறகு அடிக்கவும் இல்லை. மேர்சியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கோகிலாதான் சொன்னாள். நோனாவின் மகன் அங்கேயே ஒரு நர்சைப் பிடித்துக்கொண்டதும் சூசையம்மாவைத் தனியாகத் திருப்பி அனுப்பினார்கள். பின்வரிசையில், கால் மடக்கி, இரண்டு தடித்த ஆட்களுக்கு நடுவே வந்தாள். அவளுக்கு அது எதுவும் உறைக்கவில்லை. மகள் காம்பிராவில்தான் இருக்கிறாள். திட்டட்டும். அடிக்கட்டும். கடைசியில் கட்டிப்பிடிக்கத்தானே வேண்டும்! வாசல் வரை வந்துவிட்டால் சட்டம் இருக்கிறதே!

தெரணியகலையில் பஸ்ஸை விட்டிறங்கி த்ரீவீலரில் லயத்துக்கு வந்தபோது வாசலில் கூட்டம் இருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேர்சி அங்கே இல்லை.

"எங்க புள்ள?"

கோகிலா கொஞ்சம் தயங்கினாள். "நேத்து விடியக்காலைல போயிருச்சிக்கா. சவுதிக்கு, வீட்டு வேலைக்கு. ஏஜன்சிக்காரன் அவசரமா கூப்புட்டுட்டான்."

"நா இன்னைக்கு வர்றேன்னு தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் நேத்தே போறேன்னு சொல்லுச்சி." கோகிலா அவளுடைய பையை வாங்கிக் கீழே வைத்தாள். "ஆனா நீங்க கவலப்படாதீங்கக்கா. வந்த அன்னைக்கே அந்தனி அண்ணன் குழிக்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். இந்த வாசல்லதான், நானே கட்டிப்புடிச்சி, லயத்துப் பொம்பளைக அத்தன பேரும் ஒரு பாட்டம் அழுதோம். மனசு விட்டு அழுதுச்சி புள்ள. அது துக்கம் எறங்கிருச்சி. நீங்க இல்லாத கொறையே தெரியல."

சூசையம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். தொண்டைக்குள் குரல் எழும்பி நின்றது. சுற்றிலும் பார்த்தாள். எத்தனை சாவுகளில் இவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள்! ஒருத்தி கை நீட்டினாலும் போதும். ஆனால் யாருடைய முகத்திலும் துக்கம் இல்லை. அவர்களுக்கு அது அழுது முடிந்த சாவு. அவர்கள் காத்திருந்தது வேறொன்றுக்காக.

"அத விடுக்கா," என்று ஒருத்தி குந்தி உட்கார்ந்தாள். "ப்ளேன்ல ஒனக்குக் கட்டில் போட்டுக் குடுத்தாங்களாமே! நெசமாவா?"

"வெள்ளக்காரிக மேடம்னு கூப்புட்டாங்களாம்ல?"

"சொல்லுக்கா, சொல்லு!"

கோகிலா ஒரு கோப்பை பால் விடாத தேநீர்ச் சாயத்தண்ணியைக் கையில் திணித்தாள். சூசையம்மா அதை ஒரு மிடறு குடித்தாள். குரல் கீழே இறங்கிவிட்டது.

"நெசந்தான்," என்றாள். "பொத்தான அமுக்குனா நாக்காலி படுத்துக்கும்."

"மெத்துமெத்துன்னு இருக்குமா?"

"இருக்கும்."

அவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.